தாயம்மாவுக்கு மழை லீவு

எண்ணூரில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் அலையாத்திக் காடு தொடங்குகிறது. விடிந்ததிலிருந்து மழை. இலைகளில் படிந்திருந்த அனல்மின் நிலையச் சாம்பல் கழுவிப் போக, இந்தக் காடு இத்தனை பச்சையா என்றிருக்கிறது. என் அம்மா தாயம்மா வாசற்படியில் உட்கார்ந்து, காலை மழையில் நீட்டி டீயை ஊதுகிறாள். அவளுக்கு ஆபீஸ் கூட்டித் துடைக்கிற வேலை. ஞாயிறுகூட லீவு கிடையாது. போன் அடிக்கிறது. சூப்பர்வைசர். "வூட்டுக்குள்ள தண்ணி பூந்துச்சு சார், முட்டிக்கு மேல கீது," என்கிறாள். வீட்டுக்குள் தரை காய்ந்து கிடக்கிறது. எனக்கு எரிகிறது. "இன்னைக்கு வர முடியாதுன்னு நேரா சொல்லேன்மா." அவள் போனைப் பொத்திக்கொள்கிறாள். "சொன்னா நாளைக்கு என் எடத்துல வேற ஆளு நிக்கும். கம்முனு இரு." அந்தப் பக்கத்திலிருந்து, "ஆட்டோ அனுப்பவா? ஏறி வேலைக்கு வந்துடு," என்று கேட்கிறது. அம்மாவின் முகம் வாடுகிறது; கிளாஸைக் கீழே வைத்து எழுந்திருக்கப் பார்க்கிறாள். நான் பக்கெட்டை இழுத்து வந்து, போனுக்குப் பக்கத்தில் தண்ணீரைச் சளக் சளக்கென்று அளைகிறேன். "யம்மா, பாய் மெதக்குது! கட்டில் மேல ஏறு!" என்று கத்துகிறேன். "சரி சரி, பத்திரமா இரும்மா," என்கிறார் சூப்பர்வைசர். லைன் கட்டாகிறது. அம்மாவுக்குச் சிரிப்பில் தோள் குலுங்குகிறது. "ஏண்டி, டிகிரி வாங்கின வாயா இது?" என்கிறாள். மறுபடி படியில் உட்கார்ந்து, நகர்ந்து எனக்கு இடம் விடுகிறாள்.