குனியாத கண்

போன கோடையில் ஆட்டுக்கிடாவின் காதைப் பிய்த்த நரியோடு ராசியாகப் போகச் சொல்லி, காக்கை அந்தக் கிடாவை நச்சரித்துக்கொண்டே இருந்தது. "பழசை விடு மாமா. அவன் எதிரில் ஒருதரம் தலை குனிந்து மேய்ந்தால் பகை தீர்ந்தது. அதுதானே நம்ம வழக்கம்?"

தொல்லை தாங்காமல் கிடா நரியின் எதிரில் குனிந்தது. தலை தரைக்குப் போனாலும் ஆட்டுக் கண் கூடவே போகாதே! அது கண்குழிக்குள் உருண்டு, நேராக நின்று, முன்போலவே சுற்றிலும் பார்த்தது.

"கண்ணும் குனியட்டுமே மாமா! நம்பிக்கை இல்லையா?"

"பிறவிக் கண்ணுடா! பிடுங்கியா எறியச் சொல்றே?"

அதற்குள் நரி பாய்ந்தது. கொம்பு முந்திக்கொண்டது.

உடைந்த பல்லைத் துப்பிவிட்டு நரி காக்கையிடம் முறையிட்டது: "பார்த்தியா, இவன் இன்னும் பழசை மறக்கல!"

"நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன்" என்றது காக்கை.