இரண்டு கையும் ஒரே வெட்டு

'இன்னொரு தடவை "நீ தப்பா வெட்டிட்டே"ன்னு சொல்லட்டும், கத்தரிக்கோலை அவங்க கையிலேயே கொடுத்துடறேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே, தையல்காரி சிரித்த முகத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வாங்க அக்கா, உட்காருங்க."

"உட்கார நேரமில்லை. வலது கை பிடிக்குது. நீ தப்பா வெட்டிட்டே" என்று வாடிக்கைக்காரி புதுச் சட்டையைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் போட்டாள்.

கத்தரிக்கோல் இருந்த இடத்திலேயே இருந்தது.

"அக்கா, துணியை ரெண்டா மடிச்சுப் போட்டு ஒரே வெட்டுத்தான். ரெண்டு கையும் ரெட்டைப் புள்ளைங்க மாதிரி ஒண்ணாத்தான் பொறக்கும். அதுல ஒண்ணு மட்டும் எப்படிச் சின்னதாகும்?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நீதானே தைக்கிறே. போன தடவையும் இதே கதை. அதுக்கு முந்தியும் இதே கதை."

உண்மைதான். இரண்டு முறையும் தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கொடுத்து அனுப்பியவள் இவள்தான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒரு கையை அளந்துவிட்டு மற்றதும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிவிடுகிற பழக்கம்.

"திரைக்கு உள்ளே வாங்க. ரெண்டு கையையும் அளந்துடறேன்."

"எதுக்கு?"

"என் தப்புன்னா நான் ஒத்துக்கணும் இல்லையா?"

எதிராளி தப்பை ஒத்துக்கொள்ளப் போகிறாள் என்றால் யார்தான் வர மாட்டார்கள். வாடிக்கைக்காரி திரைக்குள் வந்து கைகளை நீட்டினாள்.

ஆறு வருடங்களுக்கு முன், மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து இதே திரைக்குள் வந்து நின்றவள். சட்டையின் வலப்பக்கத்தில் உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கிற விஷயம் டேப்புக்கும் கண்ணாடிக்கும் இவர்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும். உடம்பு தன்னைப் பற்றி என்னென்னவோ சொல்லிக்கொண்டே இருக்கிறது, அதற்குச் சொந்தக்காரர்தான் கடைசியாகக் கேட்கிறார் என்று தையல்காரிக்கு அடிக்கடி தோன்றும்.

இடது மேல்கை, பதினொன்று. வலது, பன்னிரண்டே முக்கால். இன்னொரு முறை அளந்தாள். அதேதான். விரல் அழுத்திய இடத்தில் சின்னப் பள்ளம் விழுந்து, அவசரமே இல்லாமல் நிரம்பியது.

"சட்டை சரியாத்தான் இருக்கு. கைதான் பெரிசாயிருக்கு. ஒண்ணே முக்கால் இஞ்ச்."

"வயசாகுது. சதை போடுது."

"வயசு வலது பக்கம் மட்டும்தான் ஆகுதா?"

வாடிக்கைக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டாள்.

"கை கனமா இருக்கா அக்கா?"

"சாயந்திரமானா கொஞ்சம். நாள் பூரா நின்னு வேலை செய்யறேன் இல்லையா."

"மோதிரம் எங்கே?"

"இறுகுதுன்னு இடது கைக்கு மாத்தினேன். நீ டெய்லரா, போலீஸா?"

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"டாக்டர் தினமும் பார்க்கறாங்க. ஒண்ணுமில்லைன்னுட்டாங்க."

"எந்த டாக்டர்?"

"இருக்காங்க ஒருத்தங்க. இந்த விஷயத்துல கெட்டிக்காரங்க."

"டேப் வச்சு அளந்தாங்களா?"

"அவங்களுக்கு ஏது நேரம்? கண்ணாலயே கண்டுபிடிச்சிடுவாங்க."

"நல்லவேளை, அவங்க டெய்லர் ஆகலை. பாதி ஊர் பட்டன் போட முடியாமத் திரிஞ்சிருக்கும்."

"வாய் உனக்கு" என்றவள், கையை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டாள். குரல் இறங்கியது. "இந்தக் கைக்கு ஒரு வியாதின்னு பேர் வச்சுட்டா என் வேலையே போயிடும்மா. இந்தக் கையை நம்பி எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க தெரியுமா? அரை இஞ்ச் பிரிச்சு விடு. நாளைக்குப் போட்டுக்கிட்டுப் போகணும்."

தையல்காரி அவள் முகத்தைப் பார்த்தாள். பயந்தவர்கள் எல்லாரும் அழுதுகொண்டு வருவதில்லை. சிலர் சட்டையைக் குறை சொல்லிக்கொண்டு வருகிறார்கள். மூன்று தடவை வந்த பிறகுதான் அது தனக்குப் புரிகிறதே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

பிரிப்பது இரண்டு நிமிட வேலை. இவள் மாட்டேன் என்றால் எதிர்க்கடைக்காரர் செய்து கொடுப்பார், டீ குடித்துக்கொண்டே. கை இன்னும் வீங்கும். அவர் இன்னும் கொஞ்சம் பிரிப்பார்.

"நாம பேரே வைக்க வேண்டாம் அக்கா. அதுக்கு ஏற்கனவே பேர் இருக்கு, நிணநீர் வீக்கம்னு. ஆபரேஷன் பண்ணின பக்கத்துக் கையில நீர் கோத்துக்கும். பல வருஷம் கழிச்சுக்கூட வரும். சதைன்னு நினைச்சு நிறையப் பேர் விட்டுடறாங்களாம். சீக்கிரமே பார்த்தா அடக்கி வச்சுடலாம், வேலையையும் பார்க்கலாம்."

வாடிக்கைக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?"

"எல்லாம் கேள்வி ஞானந்தான்."

"அரைகுறையா எதையாவது கேட்டுட்டு வந்து எனக்குப் பாடம் நடத்தாதே. பிரிச்சுக் கொடு, நேரமாச்சு."

தையல்காரி சட்டையை மடித்தாள். பையில் வைத்து அவளிடமே நீட்டினாள்.

"பிரிக்க மாட்டேன்" என்றாள், குரலை உயர்த்தாமல். "'ஒரு பக்கத்துக் கை மட்டும் பிடிச்சா டெய்லரைத் திட்டாதே, நேரா என்கிட்ட ஓடி வா'ன்னு, என் தங்கச்சிக்கு ஆபரேஷன் பண்ணி வீட்டுக்கு அனுப்பினப்போ சொன்னது நீங்கதான், டாக்டர்."