கடைசிப் பக்கம் எங்கே?

"இந்த முறையும் கடைசிப் பக்கத்தைக் காணோம்!"

மரியகொரெட்டி புத்தகத்தை மேசைமேல் ஓங்கிப் போட்ட வேகத்தில் கிராணி அமிர்தலிங்கத்தின் மூக்குக் கண்ணாடியே நழுவிவிட்டது.

ரப்பர் எஸ்டேட் வாசகசாலையை ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்து வைப்பது, ஆபீஸில் கணக்கு எழுதும் இந்தக் கிராணிதான். சிரம்பான் டவுனுக்குப் போகும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு மாயாஜால நாவல்களை வாங்கி வந்து அடுக்குவதும் அவர்தான். கொரெட்டி ஆறாம் வகுப்பு. வந்த நாவலைப் படித்துவிட்டு மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் நின்று அபிப்பிராயம் சொல்வது அவள் வேலை. அந்த வேலையை யாரும் கொடுக்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டாள்.

"முதல் பாதி ஒரே இழுவை சார். இளவரசனுக்கு மூளையே கிடையாது, எல்லாத்தையும் குதிரைதான் யோசிக்குது. சூனியக்காரி ஒருத்திதான் ஒழுங்கா பேசுறா. சரி, முடிவாவது நல்லா இருக்கான்னு பார்த்தா பக்கத்தையே காணோம். முடிவு தெரியாம நான் என்னான்னு அபிப்பிராயம் சொல்றது?"

"போன நாவல்லயும் இதே கதைதானே?"

"அதுக்கு முந்தினதுலயும்தான். மூணையும் எனக்கு முன்னால எடுத்துட்டுப் போனது நீலாவதி சார்!"

கிராணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"வா போவோம். இன்னையோட வாசகசாலை நோட்டுல அவ பேரை அடிச்சுப்புடுறேன். துரைகிட்டயும் சொல்லி வைக்கிறேன்."

அவசரகாலச் சட்டம் வந்ததிலிருந்து தொழிலாளர்களின் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி. கேட்டில் போலீஸ். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களின் மடியைக்கூட அவிழ்த்துப் பார்ப்பார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்துக் காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருப்பவர்களுக்கு ஒரு பிடி அரிசி போய்விடக் கூடாதாம். ஓடி விளையாட இடமில்லாத பிள்ளைகளுக்கு மிஞ்சியது இந்த நாவல்கள்தான். அதையும் ஒருத்தி கிழித்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

நீலாவதியின் அம்மா மங்கம்மா வாசலில் பால்வாளி கழுவிக்கொண்டிருந்தாள்.

"உம்மக புத்தகத்தைக் கிழிச்சிருக்கா" என்றார் கிராணி.

"அவ கிழிக்கல. நான்தான் கிழிச்சேன். இப்ப என்னாங்கிறீங்க?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பாள் என்று நினைத்து வந்த கிராணி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கொரெட்டிதான் விடவில்லை.

"படிக்கத் தெரியாத உங்களுக்கு எதுக்கு அத்தை கடைசிப் பக்கம்? அடுப்புப் பத்த வைக்கவா?"

"அடுப்புலதான் வைக்கணும் அந்தக் கதையெல்லாம்!" மங்கம்மா வாளியைத் தரையில் மோதினாள். "நீலா வாசிச்சுக் கேட்டிருக்கேன்லா. அந்த இளவரசன் ஏழு வருஷம் காட்டுல இருந்தானாம், ஒரு அட்டை கடிக்கலியாம். காய்ச்சல் வரல, செருப்பு அறுந்து போகல. பசிச்சா மரத்தைக் கேப்பானாம், மரம் சோறு போடுமாம்! எழுதினவனைக் கொண்டுபோய் ஒரு மழைக்காலம் கோலா கிளாவாங் காட்டுல விடணும். அப்பத் தெரியும்!"

"மாயாஜாலக் கதைன்னா அப்படித்தான் இருக்கும்! பிடிக்கலன்னா கேக்காதீங்க. எங்க கதையை ஏன் கிழிக்கிறீங்க?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். கொரெட்டி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. விறுவிறுவென்று வீட்டுக்குள் நுழைந்தாள். கிராணியும் பின்னாலேயே போனார்.

ஆணியில் ஒரு சட்டை தொங்கியது. மங்கம்மாவின் மூத்தவன் கணேசமூர்த்தியின் சட்டை. அவன் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதாக மங்கம்மா எஸ்டேட் முழுக்கச் சொல்லியிருந்தாள். சட்டைப் பையில் மடித்த காகிதம் எட்டிப் பார்த்தது.

கொரெட்டி உருவிப் பிரித்தாள். மூன்று நாவல்களின் கடைசிப் பக்கங்கள். நின்ற இடத்திலேயே படித்தும் முடித்தாள்.

"மூணும் ஒரே மாதிரிதான் முடியுது! இதைப் போய் எதுக்கு அத்தை ஒளிச்சு வச்சீங்க?"

மங்கம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எல்லாம் பொய்யின்னு எனக்குத் தெரியாதா? ஆனா அந்தப் பக்கத்துல மட்டும், காட்டுக்குப் போன பிள்ளை வீட்டுக்கு வந்து, அம்மா சோறு போடுன்னு கேக்குதுல்ல. தெனமும் நீலாவை அதை மட்டும் வாசிக்கச் சொல்லுவேன்."

கிராணிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கணேசமூர்த்தி சிங்கப்பூருக்குப் போகவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் தாயையும் மகளையும் லாரியில் ஏற்றித் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

கதவு படாரென்று திறந்தது. கேட்டுப் போலீஸ் சார்ஜன் தங்கராஜு நின்றார்.

"என்னா சத்தம்? கேட்டு வரைக்கும் கேக்குது! கதவை வேற எதுக்குச் சாத்தினீங்க? பாப்பா, கையில என்னா காகிதம்?"

கிராணி மங்கம்மாவைப் பார்த்தார். மங்கம்மா நகர்ந்து, ஆணியில் தொங்கிய சட்டையை மறைத்து நின்றாள்.

கொரெட்டி அதைப் பார்த்துவிட்டு, மூன்று பக்கங்களையும் சார்ஜன் மூக்குக்கு நேராக நீட்டினாள். அவள் குரலில் கோபம் கொஞ்சமும் குறைந்தபாடில்லை.

"பிள்ளைங்க நாவல் சார்! முடிவு எனக்குப் பிடிக்கல, நான்தான் கிழிச்சேன். அதுக்குத்தான் இந்த அத்தை என்னைப் போட்டு இந்தத் திட்டுத் திட்டுறாங்க!"