குரல் எட்டும் தூரம்

ஹாம்பர்க்கிலிருந்து இத்தாலிக்குப் போகும் வழியில், மூன்று நாள் கார் ஓட்டிய முதுகுவலியோடு, சுவிஸ் மலை உச்சியில் என் நண்பன் காஸ்பரின் குடில் வாசலில் நிற்கிறேன். அடுப்பில் சூப் கொதிக்கிற வாசனைக்குப் பசி காதை அடைக்கிறது. அவனோ, “இருடா, முதல்ல மலைக்குச் சொல்லிட்டு வந்துடறேன்” என்று பால் வடிகட்டும் பெரிய மரப்புனலைத் தூக்கிக்கொண்டு, குடிலுக்குப் பின்னால் மரச்சிலுவை நட்டிருக்கும் மேட்டில் ஏறுகிறான். புனலை வாயில் வைத்து, பாட்டுமில்லாத பேச்சுமில்லாத நீண்ட ராகத்தில், மாடுகளையும் மனிதர்களையும் இந்த இரவு காக்கச் சொல்லி வேண்டுகிறான். அந்தக் குரல் எட்டும் தூரம்வரை காவல் உண்டு என்பது இங்கே நம்பிக்கை. காலையிலிருந்து நாற்பது மாடு கறந்த ஆளுக்கு இந்த மூச்சு எங்கிருந்து வருகிறதோ! கழுத்துமணிகள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. பனிமுகட்டில் மட்டும் கொஞ்சம் வெயில் மிச்சமிருக்கிறது. கிழக்கே, தெற்கே, வடக்கே கூவியவன் கடைசியாக மேற்கே திரும்பி, நரம்பு புடைக்க இன்னும் உரக்கக் கூவுகிறான். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அண்டை மாட்டுக்காரன் வெண்டலின் குடில். வேலித் தகராறில் அவனுக்கும் காஸ்பருக்கும் மூன்று வருடமாகப் பேச்சு கிடையாது. காஸ்பர் புனலை இறக்கியதும், “ஏன்டா, அந்த ஆளுக்கா இவ்வளவு தொண்டை?” என்கிறேன். “தூரத்துல இருக்கான்ல? மெதுவா சொன்னா எட்டாது.” சொல்லிவிட்டு எதிர்ச்சரிவைத் தாடையால் காட்டுகிறான். அங்கே ஒரு சின்ன உருவம், தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்தபடி, எங்களைப் பார்த்து நிற்கிறது. “மழை பெஞ்சாக்கூட வெளிய வந்து நின்னுதான் கேப்பான், கழுதை.”