நாலடிக் கோடு

டவுனுக்குப் போகிறேன் என்று கிளம்பிய பேட்டரிக்காரர், அரை மணியில் திரும்பி வந்து சொந்த வீட்டு முள்வேலிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கட்டின பெண்டாட்டியை ஐம்பத்து நாலு வயதில் வேவு பார்க்கிற கதி எந்த மனுஷனுக்கும் வரக்கூடாது.

வேறு வீடாக இருந்தால் தொலையட்டும் என்று விடலாம். இது அவர் தன் கையால் செங்கல் செங்கலாக வைத்துக் கட்டின வீடு. ஊர்க் கம்பத்திலிருந்து ஒரு கம்பி உள்ளே வராது, ஊர்க் குழாயிலிருந்து ஒரு சொட்டு உள்ளே வராது. கரண்டுக்குக் கூரைமேல் அடிக்கிற வெயில், தண்ணீருக்கு அதே கூரையில் விழுகிற மழை. மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கப் பின்பக்கம் அவரே குழி தோண்டி, அவரே சிமெண்ட் பூசின தொட்டி. குளித்ததும் துவைத்ததும்கூட மணலும் கரியும் வழியாக வடிந்து மறுபடி தொட்டிக்கே போய்ச் சேரும்.

முதல் மழைத் தண்ணீர் குழாயில் கொட்டின அன்று, அதைக் கையில் ஏந்திக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். பக்கத்தில் நின்ற மனைவிதான் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை தோறும் டவுன் கடையில் பேட்டரி ரிப்பேர் வேலை, வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். மறுநாள் காலை எழுந்ததும் தொட்டி மூடியைத் திறந்து அளவுக்கோலை விட்டுப் பார்ப்பார். இரண்டு கோடை தாண்டியாயிற்று, எந்த வெள்ளிக்கிழமையும் தண்ணீர் நாலடிக் கோட்டுக்குக் கீழே போனதில்லை. வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் இதைச் சொல்லிச் சொல்லியும் அவருக்கு வாய் வலித்ததில்லை.

அந்தத் தொட்டி ஓரத்தில்தான் மூன்று வாரமாக லாரித் தடம். வியாழன் சாயங்காலம் பின்பக்கம் பெருக்குவது மனைவியின் வழக்கம். இடுப்புப் பிடிப்பு வந்து மூன்று வாரமாக அவளால் குனிய முடியவில்லை, அதனால் தடம் அவர் கண்ணில் பட்டது. கீழே ஒரு தடம் புழுதியில் விரலளவு புதைந்திருந்தது. அதன்மேல் ஏறிப்போன இன்னொரு தடமோ, கோழி கிளறின மாதிரி லேசாக இருந்தது. யாராவது வந்தார்களா என்று கேட்டால், இந்தப் பொட்டல் காட்டுக்கு யாருங்க வரப்போறாங்க என்று, யாருக்கோ தைத்த துணியை மடித்துக்கொண்டே முகம் பார்க்காமல் சொன்னாள்.

அவருக்குச் சுருக்கென்றது. ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற கோடையில், நிரம்பின தொட்டி ஓரத்துக்கு லாரி எதற்கு வரும்? தண்ணீரை விற்கிறாள். இத்தனை உறிஞ்சியும் நாலடி அப்படியே நிற்கிறதே, நம் வடிகட்டி எப்பேர்ப்பட்டது என்று அந்த ஆத்திரத்திலும் கொஞ்சம் கர்வம் எட்டிப் பார்த்தது.

போதாததற்குத் தம்பி விஷயம் வேறு. அண்ணன் வீட்டைப் பார்த்து ஆசைப்பட்டு, டவுன் வீட்டை விற்றுவிட்டுப் பக்கத்து மனையில் இதே மாதிரி கட்டப்போகிறான். விற்கிற கையெழுத்து நாளைக்கு. பெண்டாட்டி, இரண்டு பொடிசுகளோடு வந்து, வீடு எழும்புகிறவரை இங்கேதான் தங்கப்போகிறான். சந்தோஷப்பட வேண்டியவள், இதெல்லாம் அவங்களுக்குச் சரிப்படாதுங்க, சொன்னாக் கேளுங்க என்று ஒரு வாரமாக நச்சரிக்கிறாள். ஆள் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் இப்படிக் கண்ணில் மண்ணைத் தூவுவாளா? இன்றைக்கு வியாழன், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்றுதான் இந்த வேலி மறைவு.

பதினோரு மணிக்கு வந்தது, தண்ணீர் லாரியேதான். அவளே ஓடிப்போய்ப் பின்பக்கத்து கேட்டைத் திறந்தாள். டிரைவர் மூடியை நகர்த்த, அவள் குனிந்து ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் இறக்கினாள். இடுப்பு வலி எங்கே போயிற்றோ. மோட்டார் ஓட ஆரம்பித்தது.

அவர் வேலியைத் தாண்டி வந்த வேகத்தில் ஒரு செருப்பு முள்ளிலேயே மாட்டிக்கொண்டது. அவரைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வெளிறிப் போயிற்று.

"எத்தனை நாளா நடக்குது இது?"

அவள் ரப்பர் குழாயை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னைத்தான் கேக்குறேன். நான் அளந்து அளந்து அரை வாளியில குளிக்கிறேன். நீ என் தண்ணியத் திருட்டுத்தனமா லாரியில ஏத்துறே. உன்னை நம்பித்தானே வீட்டை விட்டுட்டுப் போறேன்? தம்பி புள்ளைங்க குடிக்கப்போற தண்ணி இது. இதுலயா கை வெச்சே?"

தம்பி என்றதும்தான் அவள் நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது.

"அவருக்கு இப்பவே போன் போடுங்க. நாளைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்னு சொல்லுங்க."

"ஏன், உன் யாவாரம் கெட்டுப்போகுமா?"

டிரைவர் மோட்டாரை நிறுத்திவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு லாரிக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள், அவர் உதறினார். மறுபடி பிடித்துக்கொண்டாள்.

"எடுக்கலங்க. ரெண்டு வருஷமா ஊத்திக்கிட்டு இருக்கேன்."