ஒரு டிரில், இரண்டு பேட்டரிகள்

மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேறிய படகைப் பழுதுபார்க்க, படகுக்காரர் கறாராகப் பேரம் பேசி ஒரு டிரில் வாங்கினார். கூடவே இரண்டு பேட்டரிகள். ஒன்று டிரில்லில் ஓடும்போது மற்றது சார்ஜரில் கிடக்கும். மாற்றும் அந்த ஒரு நிமிஷத்தில்தான் அக்கா பேட்டரியும் தங்கை பேட்டரியும் ஒன்றையொன்று பார்க்கும்.

“அக்கா, உன்கிட்ட நிறையப் பேசணும்.”

“படகு கடலுக்குப் போகட்டும்டி. அப்புறம் ஒரே பெட்டியிலதான் கிடப்போம்.”

“உங்களுக்குப் பத்து திருகாணிக்கே மூச்சு வாங்குது, இதுல கொஞ்சல் வேற!” என்று எரிந்து விழுந்தது டிரில்.

தடைக்காலம் முடிந்தது. படகு கடலுக்குப் போனது. படகுக்காரர் இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து மூடியிருந்தார்.

“அக்கா!” என்றது தங்கை.

கடைசித் திருகாணியோடு அக்காவின் சார்ஜ் தீர்ந்திருந்தது.

தங்கை அதை ஒட்டிப் படுத்துக்கொண்டு, அடுத்த தடைக்காலத்துக்கு நாள் எண்ணத் தொடங்கியது.