நாற்பத்து மூன்று முத்திரைகள்

தோக்கியோவிலிருந்து வந்தவர் தாளைப் பாய்மீது விரித்துவிட்டு, நெற்றி தரையில் முட்டும்வரை குனிந்தார்.

"மன்னிக்கணும் ஐயா. மீதிக் கதைய எங்களால எடுக்க முடியாது."

இசுருகி ததாமோரி அசையவில்லை. எழுபத்தெட்டு வயதிலும் எதன்மீதும் முதுகைச் சாய்க்காமல் உட்காரும் மனிதர். தெருச் சங்கத்தின் தலைவர். அவருக்கு முன் அவருடைய அப்பா தலைவர், அவருக்கு முன் தாத்தா.

தாளில் அச்சடித்திருந்தது இதுதான்:

'சாம்பல் மலை அரசி' என்னும் அனிமே தொடர் இருபத்தாறு பாகங்களோடு அந்தரத்தில் நிற்கிறது. அரசியின் கதி என்னவென்று தெரியாமல் இத்தெருவாசிகளாகிய எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. கதையை முடித்துத் தருமாறு வேண்டுகிறோம்.

கீழே நாற்பத்து மூன்று வீடுகளின் சிவப்பு முத்திரைகள்.

முதல் முத்திரை இசுருகி வீட்டினுடையது. மற்றவற்றைவிடச் சற்றுப் பெரியது, இம்மியும் சாயாதது.

தெருவில் வீடு வீடாகச் சுற்றும் அறிக்கை அட்டை அவர் வீட்டிலிருந்துதான் புறப்படும். பார்த்ததற்கு அடையாளமாக முத்திரை குத்திவிட்டு அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். போன மாதம் குப்பை எடுக்கும் நாள் மாறிய அறிவிப்புக்கும் சாக்கடை தூர்வாரும் அறிவிப்புக்கும் நடுவே இந்தத் தாள் செருகியிருந்தது.

மேலே இசுருகி வீட்டு முத்திரை இருந்தால் யார் படிக்கப் போகிறார்கள்? கோயில் குருக்கள் குத்தினார். பல் மருத்துவர் குத்தினார். தொலைக்காட்சிப் பெட்டியே இல்லாத ஒரிஹாராக் கிழவி, ஒன்று சரியாக விழவில்லையென்று இரண்டு குத்தியிருந்தாள்.

"ரசிகருங்க எங்களத் திட்டி எழுதுவாங்க ஐயா, அது பழகிப்போச்சு. ஆனா ஒரு தெருவே முத்திரை போட்டு அனுப்புனது இதான் முதல் தடவ. எங்க முதலாளி அழுதுட்டாரு. நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுட்டு வான்னு என்னை அனுப்பிட்டாரு," என்றார் வந்தவர். அவர் பெயர் நிஷிவாகி. அந்தப் படக் கம்பெனியில் நிர்வாகப் பிரிவு. கொண்டுவந்திருந்த இனிப்புப் பெட்டி செங்கல்லைப்போல் கனத்தது. மன்னிப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு கனம்.

மனைவி சுமியே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நம்ம வீட்ல படிக்காம யாரும் முத்திரை குத்த மாட்டாங்களேங்க?" என்றாள், குவளையைப் பார்த்தபடியே.

ததாமோரிக்கு ஊசி ஏறியதுபோல் இருந்தது.

படித்துத்தான் குத்தினேன் என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் முடிதிருத்தும் கடைவரை போய்விடும். பொம்மைப் படத்து அரசிக்காகச் சோறு இறங்காத தெருத் தலைவர்! ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

படிக்காமல் குத்தினேன் என்று சொன்னால் அது வேறு விதமான சாவு. படிக்காத தாளில் முத்திரை குத்துகிறவன் செருப்புக் காலோடு பாயில் நடக்கிறவன் என்பது தாத்தாவின் வாக்கு. அந்தத் தாத்தா இப்போதும் கதவுக்கு மேலே சட்டத்துக்குள்ளிருந்து முறைத்துக்கொண்டிருந்தார். நூற்று முப்பது வருடங்களில் இந்த வீட்டில் ஒருவரும் அந்தக் காரியத்தைச் செய்ததில்லை.

ததாமோரி இரண்டையும் நிறுத்துப் பார்த்தார். தாத்தா செத்துப்போனவர். முடிதிருத்துபவர் உயிரோடு இருக்கிறார்.

மெல்லக் குனிந்தார்.

"படிக்காமத்தான் குத்திட்டேன். இந்த வீட்டுக்கே இது களங்கம். தெரு சார்பா நான்தான் மன்னிப்புக் கேட்டுக்கணும்."

வீட்டுப் பெரியவர் குனிந்துவிட்டாரே என்று நிஷிவாகி இன்னும் தாழக் குனிந்தார். விருந்தாளி தாழ்ந்துவிட்டாரே என்று ததாமோரி அதற்கும் கீழே போனார். இதற்குமேல் தாழ இடமில்லாமல் இருவர் நெற்றியும் பாயில் சற்று நேரம் கிடந்தன.

நிஷிவாகிதான் முதலில் நிமிர்ந்தார். முகம் தெளிந்திருந்தது.

"அப்பாடா! நிஜமான ரசிகருங்கன்னா என்ன செய்யறதுன்னு பயந்துட்டே வந்தேன் ஐயா. நான் அந்தத் தொடரப் பாத்ததே இல்ல. ரயில்ல வர்றப்பதான் சுருக்கத்தப் படிச்சேன். கடைசியில அரசி வாள ஏரியில வீசிட்டுப் போயிடறா. என்னைக் கேட்டா, அதுவே முடிஞ்ச மாதிரிதான் இருக்கு."

ததாமோரி குவளையை எடுத்தார்.

பேசாமல் இருந்தால் போதும். நாலு மணி ரயிலுக்கு மனிதர் கிளம்பிவிடுவார். களங்கம் பட்டது பட்டதாக இருக்கும், அதையும் நாற்பத்து மூன்று வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும்.

தேநீரை விழுங்கினார். தேநீர் இறங்கியது. சொல் இறங்கவில்லை.

"ஏரி இல்ல. கோட்டைக் கிணறு."

நிஷிவாகி விழித்தார்.

"ஏரியத்தான் பத்தொன்பதாவது பாகத்துலயே டிராகன் குடிச்சுத் தீத்துடுச்சே! இல்லாத ஏரியில எப்படிய்யா வீசுவா?"

ததாமோரியின் காது மடல்கள் முத்திரை மையின் நிறத்துக்கு வந்தன. கண்ணை மூடிக்கொண்டு மனைவியின் சிரிப்புக்காகக் காத்திருந்தார். ஐம்பத்தொரு வருடப் பழக்கம். அது மூக்கிலிருந்துதான் தொடங்கும்.

தொடங்கவில்லை.

கண்ணைத் திறந்தார். சுமியே தேநீர்க் குடுவையைக் கீழே வைத்துவிட்டு, முதுகை நிமிர்த்தி, விருந்தாளியை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிணத்துல விழுந்தது வெறும் உறைதான்," என்றாள். "வாள எங்க ஒளிச்சு வச்சான்னு தெரிஞ்சுக்கத்தான் நான் அந்தத் தாளையே அச்சடிச்சேன்."